பூங்காவில் கேட்கப் போகிறேன், அன்ரி!

(இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் விவாகப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடிதம் எழுதுவோரின் பெயர் வெளியிடப்படுவதில்லை.)

கேள்வி: அன்புள்ள அன்ரிக்கு, எனக்கு வயது 29. வீடு கொக்குவிலில், வேலை கிளிநொச்சியில். நான்கு வருடமாக ஒரு பிள்ளையை விரும்புகிறேன், அவவும் என்னை விரும்புகிறா. வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா. கல்யாணத்தைப் பற்றிப் பட்டும் படாமலும் கதைத்திருக்கிறோம், நேராகக் கேட்டதில்லை. அவவின் அம்மாவுக்கு என்னைச் சிநேகிதப் பெடியன் என்று தெரியும். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. வருகிற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவவின் பிறந்தநாள். அன்று பின்னேரம் சுப்பிரமணியம் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். நாங்கள் முதன்முதல் மனம்விட்டுக் கதைத்தது அங்கே ஒரு வாங்கில் இருந்துதான். என் நண்பர்கள் பதினைந்து பேர் மரங்களுக்குப் பின்னால் நிற்பார்கள். பலூன், பதாகை எல்லாம் இருக்கும். ஒருவன் கிற்றார் வாசிப்பான், ஒருவன் ட்ரோனில் படம் எடுப்பான். நான் முழங்காலில் இருந்து மோதிரத்தை நீட்டுவேன், அது பேஸ்புக்கில் நேரலையாகப் போகும். அவவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. போன பிறந்தநாளுக்கு ஒரு கடையில் கேக் வெட்டும்போது பக்கத்து மேசைக்காரர் எல்லாம் கைதட்டிப் பாட, அவ பாதியில் எழும்பிப் போயிட்டா. சனம் பார்க்கிறது தனக்கு ஒத்துவராது என்று சொன்னா. ஆனால் இது வேற விசயம்தானே? திட்டத்தில் ஏதும் குறை இருந்தால் சொல்லுங்கோ.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசித்தேன். காசு சேர்த்து, மோதிரம் வாங்கி, ஒரு பெண்ணிடம் அவள் முகத்தைப் பார்த்துச் சம்மதம் கேட்க நினைக்கிற பிள்ளையை எனக்கு நிறையப் பிடிக்கும். எங்கள் ஊரில் நெடுங்காலமாக இந்தக் கேள்வியைப் பெண்ணிடம் யாரும் கேட்டதில்லை. தரகர் தகப்பனிடம் கேட்பார். சாதகம் சாத்திரியாரிடம் போகும். பொருத்தம் வந்தால் சீதனம் பேசுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு பிள்ளைக்கு மாப்பிள்ளையின் படத்தைக் காட்டுவார்கள். 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாக வாயால் சொல்லி, அதன் பிறகு கையெழுத்து வைக்க வேண்டும். எழுத்துக்கு, அதாவது விவாகப் பதிவுக்கு, வந்த எத்தனையோ பெண்களிடம் சம்மதத்தை முதன்முதலாகக் கேட்ட ஆள், மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த நான்தான்.

அந்த நேரத்தில் பெண் யாரைப் பார்க்கிறாள் என்று எப்போதும் கவனிப்பேன். மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் எனக்கு நிம்மதி. தகப்பனைப் பார்த்தோ தமையனைப் பார்த்தோ சொன்னால், பேனையைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்று சொல்லி அவளோடு தனியே கதைப்பேன். அதனால் உங்கள் திட்டத்தை வாசித்தவுடன் எனக்கு வந்த கேள்வி ஒன்றுதான். பதினைந்து பேர், பதாகை, தலைக்கு மேலே ட்ரோன், பேஸ்புக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர், இத்தனைக்கும் நடுவில் நிற்கும் அந்தப் பிள்ளை யாரைப் பார்த்து "ஓம்" சொல்லப் போகிறா?

குறை எங்கே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேக் வெட்டுவதற்கே எழும்பிப் போனவருக்கு இது வேற விசயம் இல்லை, அதே விசயம்தான், அதைவிடப் பெரியது. அன்றைக்கு அவவால் எழும்பிப் போக முடிந்தது. பூங்காவில் உங்கள் நண்பர்கள் வட்டமாக நிற்கும்போது எழும்பிப் போனால் உங்களை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். அந்தப் பயத்தில் தலையை ஆட்டுவா. அப்படி வருகிற சம்மதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ள மாட்டீர்கள்.

ஞாயிறு பின்னேரத்தில் அந்தப் பூங்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஊஞ்சலுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பட்டணத்துக்குச் சாமான் வாங்க வந்த குடும்பங்கள் கச்சான் கொறித்துக்கொண்டு இருப்பார்கள். அவ ஒரு ரீச்சர் என்பதை மறந்துவிடாதீர்கள். தன்னிடம் படிக்கிற பிள்ளையோ, அந்தப் பிள்ளையின் தாயோ அங்கே நிற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் யாரைப் பிடித்து நாலு கேள்வி கேட்டாலும் தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ ஒரு சொந்தம் வந்துவிடும். நீங்கள் முழங்காலில் இருந்து எழும்புவதற்கு முன்னமே அவவின் அப்பாவுக்கு யாரோ போன் எடுத்துவிடுவார்கள். மகள் யாரைக் கட்டப் போகிறாள் என்பதை ஒரு தகப்பன் அடுத்த வீட்டுக்காரரின் போனில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லதா? அந்த மனிதர் பிறகு எவ்வளவு நல்ல மாமனாராக இருந்தாலும் அந்தப் பின்னேரம் அவர் மனதில் கிடக்கும்.

சரி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பூங்காவை விட வேண்டாம். அந்த வாங்கில் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கதை இருக்கிறது, அதை நான் ஏன் கெடுக்கப் போகிறேன்? நாளையும் நேரத்தையும் ஆட்களையும்தான் மாற்றச் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மோதிரம், பலூன் எதுவும் இல்லாமல் ஒரு நாள் சாதாரணமாகக் கதையுங்கள். அவவுக்கு மூத்த சகோதரி யாரும் கல்யாணம் ஆகாமல் இருக்கிறாவா? வீட்டுக்கடன் இருக்கிறதா? இடமாற்றம் கேட்டுக் கிளிநொச்சிப் பக்கம் வர விருப்பமா, இல்லை நீங்கள்தான் தினமும் போய்வர வேண்டுமா? கல்யாணம் என்றால் எப்போது என்று நினைக்கிறா? நான்கு வருடம் பழகியும் இதையெல்லாம் கேட்காமல் மோதிரம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் விருப்பம் அவவுக்கும் அவவின் விருப்பம் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். எந்த நாள், எந்த வாங்கு, சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் இருக்கட்டும். அந்தத் திகைப்பு போதும், அது இனிமையாகவும் இருக்கும்.

பிறந்தநாளை விட்டுவிடுங்கள். அன்று ஏதோ நடக்கும் என்று அவ எதிர்பார்த்துக்கொண்டே வருவா, வீட்டில் அம்மா பாயாசம் காய்ச்சிக் காத்திருப்பா. அதோடு, அவவுக்கு யோசிக்கக் கொஞ்சக் காலம் தேவைப்பட்டால், இனி வரும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்தச் சங்கடமும் சேர்ந்து வரும். ஒரு சாதாரணக் கிழமை நாள் நல்லது. மாசி மாதம் என்பது நல்ல தெரிவு. ஐப்பசி, கார்த்திகை மழை விட்டிருக்கும், சித்திரை வெக்கை தொடங்கியிருக்காது, மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் சோழகக் காற்றுக்கும் இன்னும் காலம் இருக்கிறது. மாசிக் கடைசியில் பொழுதுபட ஆறு இருபது ஆகும். ஐந்தரைக்குப் பிறகு வெயில் மெத்தென்று இருக்கும், ஆனால் பொழுது பட்டால் எங்கள் ஊரில் அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும், அதற்குள் அவ வீட்டுக்குப் புறப்பட வேண்டும். பூங்காவை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று முதல்நாள் காவலாளியிடம் கேட்டு வையுங்கள். அது மாநகர சபையின் இடம். மரத்தில் எதையும் கட்டவோ ஒட்டவோ நினைத்தால் சபையில் அனுமதி கேட்க வேண்டும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் ஒரு பக்கம், சின்னப் பிள்ளைகளின் தலைக்கு மேலே அது இரைந்துகொண்டு நிற்பது இன்னொரு பக்கம்.

அந்த வாங்கில் ஆட்கள் இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தீர்களா? இரண்டாவதாக ஓர் இடத்தை மனதில் வைத்திருங்கள். கண்டி வீதியில் பழைய கச்சேரிக்கு (அரச அலுவலகத்துக்கு)ப் பக்கத்துப் பழைய பூங்கா எனக்குப் பிடித்த இடம். 1829 முதல் 1867 வரை இங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை உண்டாக்கிய தோட்டம் அது, அந்த மரங்களின் நிழல் இன்றைக்கும் குளிர்ச்சி. கோட்டை மதிலில் காலமை வேளையில் நடக்கலாம். ஒல்லாந்தர் ஐந்து மூலையாகக் கட்டிய அந்த மதிலுக்கு மேலே நின்றால் ஒரு பக்கம் பட்டணமும் மறுபக்கம் பண்ணைக் கடலும் தெரியும். பண்ணைக் கரையில் சூரியன் மறைவதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை, அதனால்தான் பின்னேரத்தில் அங்கே கால்வைக்க இடம் இருக்காது. நூலகத்து முற்றத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சரஸ்வதி சிலைக்கு முன்னால் வந்து நின்று 1981 இல் நூலகம் எரிக்கப்பட்டதை நினைத்துக் கண் கலங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்னொரு முக்கியமான விசயம். அவ தன்னுடைய ஸ்கூட்டியில் வரட்டும். உங்கள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனால், யோசிக்க வேண்டும் என்று சொல்ல நினைத்தாலும், திரும்பி வீட்டுக்குப் போக உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். அந்த வழி முழுக்க இரண்டு பேருக்கும் மூச்சு முட்டும். தன் சாவி தன் கையில் இருக்கிற பெண்ணின் பதில் சுதந்திரமாக வரும்.

பதினைந்து நண்பர்களையும் அடுத்த சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். பூங்காவுக்கு ஒரே ஒருவர் போதும், அதுவும் அவவுக்கும் தெரிந்த ஒரு பெண் சிநேகிதி என்றால் நல்லது. அவர் தூரத்தில் நின்று ஒன்றிரண்டு படம் எடுக்கட்டும், அந்தப் படங்கள் முதலில் அவவின் போனுக்குப் போகட்டும். எதை யாருக்குக் காட்டுவது என்று அவ சொல்லட்டும்.

முழங்காலில் இருக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், அவவுக்குப் பிடிக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் இருங்கள். எனக்கென்றால் அதே வாங்கில் பக்கத்தில் இருந்து கேட்பதுதான் அழகு. பாடமாக்கிய வசனம் வேண்டாம். "நான் உம்மோட வாழ விரும்புறன். நீர் என்ன நினைக்கிறீர்? இப்பவே சொல்ல வேணும் என்றில்லை." இவ்வளவு போதும். அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

எழுத்துக்கு வந்த ஒரு தாதி சொன்னதை எழுதுகிறேன். இரவு வேலை முடிந்து வைத்தியசாலை வாசலுக்கு வந்திருக்கிறா. அங்கே நின்ற மாப்பிள்ளை ஒரு பிளேன்ரீ வாங்கிக் கையில் கொடுத்து, "நாளைக்கும் வரட்டோ?" என்று கேட்டாராம். வாங்கோ என்றாளாம். "எப்பவும் வரட்டோ?" என்றாராம். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. மாப்பிள்ளை வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஓம் என்று சொன்னால் அன்று இரவே அவ தன் அம்மாவிடம் சொல்லட்டும், அம்மாவும் மகளுமாக அப்பாவிடம் பேசட்டும். அதன் பிறகு உங்கள் அம்மா, அப்பாவை அனுப்புங்கள். போகும் முன் அந்த வீட்டில் துடக்கு (தீட்டு) ஏதும் இல்லையா என்று விசாரியுங்கள். பொறுங்கோ என்று சொன்னால் மோதிரத்தைத் திரும்பப் பையில் வையுங்கள், அவவிடம் கொடுத்து "வைத்திருந்து யோசியும்" என்று சொல்லாதீர்கள். ஓர் ஐஸ்கிறீம் குடிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள், வழமைபோலப் பள்ளிக்கூடக் கதை கேளுங்கள். நண்பர்களைத் தூது அனுப்ப வேண்டாம். அவவாகப் பேச்சை எடுக்கும் வரைக்கும் காத்திருங்கள். நான்கு வருடம் பொறுத்தவருக்கு அது முடியும்.

கேள்வி: மோதிர அளவை அவவுக்குத் தெரியாமல் எப்படி எடுப்பது? நீலக்கல் வைத்துச் செய்யலாமா? (சுன்னாகம்)

பதில்: அவவின் தங்கையையோ நெருங்கிய சிநேகிதியையோ பிடியுங்கள். அவ போடுகிற மோதிரம் ஒன்றை அரை நாளுக்கு வாங்கிக் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் கொடுத்தால் அளவுக் கம்பியில் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். எந்த விரலில் போடுகிற மோதிரம் என்று கேட்டு வாங்குங்கள், ஒரே கையில் விரலுக்கு விரல் அளவு மாறும். சந்தேகம் என்றால் கொஞ்சம் பெரிதாகச் செய்யுங்கள். பெரிதைச் சின்னதாக்குவது சுலபம்.

நீலக்கல் வேண்டாம். நீங்கள் நம்பாவிட்டாலும் அவவின் அம்மா நம்பக்கூடும். சாதகம் பார்க்காமல் நீலக்கல் போட்ட வீட்டில் பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தக் கல்லின் மேல்தான் பழி விழும். கல் இல்லாத தங்க மோதிரமே அழகு. பவுண் விற்கிற விலையில் கடன்பட்டுப் பெரிதாகச் செய்யாதீர்கள், எழுத்தன்று மோதிரம் மாற்றும்போது இன்னொன்று தேவைப்படும்.

கேள்வி: அன்ரி, நான் பருத்தித்துறைப் பெண், 27 வயது. என்னோடு படித்தவர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை லீவில் வருகிறார். இரண்டு பேருக்கும் விருப்பம் இருக்கிறது, ஆனால் அவர் வாய் திறக்க மாட்டார் போலிருக்கிறது. நானே கேட்டால் என்ன? பெண் கேட்டால் மதிப்பில்லை என்று சிநேகிதிகள் சொல்கிறார்கள். நல்லூரில் தேரன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். அவர் ஓம் என்றால் திரும்பிப் போகும் முன் எழுத்தையும் முடித்துவிடலாமா?

பதில்: கேளும் பிள்ளை. மதிப்பு எங்கேயும் போகாது. எழுத்து மேசையில் பெண்ணும் தன் வாயால்தான் "இவரை ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்கிறாள். சட்டம் அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இடத்தைத்தான் கொடுத்திருக்கிறது. அதைச் சில மாதம் முன்னதாக ஒரு மர நிழலில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தேரன்று மட்டும் வேண்டாம். திருவிழா 25 நாளும் அந்த வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், தேரன்று மனிதர் விடும் மூச்சே காற்று. ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. அவரும் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் நடுவில் நிற்பார். நேர்த்தி வைத்துப் பிரதட்டை பண்ணுகிறவர்கள் நடுவில் உங்கள் கேள்வியைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வந்த முதல் சில நாள் ஆறட்டும், இரண்டாவது கிழமையில் ஒரு காலமை உங்கள் ஊர்க் கடற்கரைக்கே கூப்பிடும். வெளிச்சவீட்டுப் பக்கம் சோழகத்துக்கு மறைவாக நின்று கேளும். பட்டணத்துப் பூங்காதான் வேண்டும் என்றால், திருவிழாக் காலத்தில் பட்டணமே நல்லூரில் நிற்கும், அந்த நேரம் பழைய பூங்காப் பக்கம் ஓரளவு அமைதி கிடைக்கும்.

எழுத்தைப் பற்றிக் கேட்டதற்கு நான் மிகவும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். அந்தப் பயணத்திலேயே வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்த நிமிடமே நீங்கள் சட்டப்படி கணவன் மனைவி. தாலியும் கூறையும் பிறகு வரும், வராமலும் போகலாம், சட்டத்துக்கு அது ஒன்றுதான். பிடிக்காமல் போனால் மோதிரத்தைக் கழற்றுவது போல அதைக் கழற்ற முடியாது, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் பிரிய வேண்டும். ஸ்பொன்சர் அலுவலுக்காக அவசரத்தில் எழுதிவிட்டு, அவர் அங்கே இவர் இங்கே என்று வருடக் கணக்கில் இருந்து, கடைசியில் கண்ணீரோடு சான்றிதழ்ப் பிரதி எடுக்க வந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர் ஓம் என்றால், இரண்டு குடும்பமும் சந்தித்துக் கதைக்கட்டும், அவரின் வேலை, வருமானம், அங்கத்தைய வாழ்க்கை எல்லாம் விசாரியும். அவர் கனடாக் குடியுரிமை எடுத்திருந்தால், கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழோடு, அங்கே திருமணம் ஆகாதவர் என்பதற்கான ஆவணமும் கொண்டுவர வேண்டியிருக்கும். அடுத்த வருகைக்கு முன்னால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் கிளையில் என்ன என்ன தேவை என்று கேட்டு எழுதி எடும்.

கேள்வி: மானிப்பாயிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். போன மாதம் என் மகளை அவளோடு வேலை செய்கிற ஒரு பெடியன் பட்டணத்தில் ஒரு பூங்காவில் வைத்து, ஆட்கள் பார்க்க, பூவும் மோதிரமும் கொடுத்துக் கல்யாணம் கேட்டிருக்கிறான். பக்கத்தில் நின்றவர்கள் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். இலண்டன் வரை போய்விட்டது. நாளும் பொழுதும் போன். இவர் மகளோடு கதைப்பதில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு என்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இலண்டன்காரர் என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது, உங்கள் கணவர் என்ன சொன்னார் என்று இருக்கிறது. மகள் அந்தப் பெடியனுக்கு என்ன பதில் சொன்னாள் என்பது எங்கேயும் இல்லை. அவளிடம் யாரும் கேட்டீர்களா?

இன்றிரவு கேளுங்கள். குசினியில் வேலை செய்துகொண்டு கேட்காமல், அவளின் அறைக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அவளுக்கு அவனில் விருப்பம் இருந்தால் ஒரு வழி, இல்லை என்றால் வேறு வழி. விருப்பம் இருந்தால் அந்தப் பெடியனின் தாய் தகப்பனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், மற்ற எந்தச் சம்பந்தத்தையும் போல விசாரித்து முடிவெடுங்கள். விருப்பம் இல்லை என்றால், அத்தனை பேருக்கு முன்னால் அவள் எவ்வளவு தவித்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். அப்போது அவளோடு யாரும் இருக்கவில்லை, இப்போது வீட்டிலும் யாரும் இல்லை. அவன் வேலை இடத்தில் மறுபடியும் கேட்டுத் தொந்தரவு செய்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடட்டும். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

வீடியோவைப் போட்டவர்கள் யார் என்று தெரிந்தால் நேரே போய் எடுக்கச் சொல்லுங்கள். பேஸ்புக்கிலேயே முறையிடவும் வழி இருக்கிறது. போன் எடுக்கிற சொந்தக்காரருக்கு ஒரே பதில் சொல்லுங்கள்: "பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை, கேட்டது அந்தப் பெடியன், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." இதை உங்கள் கணவர் வாயால் சொன்னால் பாதிப் போன் நின்றுவிடும். அவருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஐயா, பூங்காவில் நின்றதைத் தவிர உங்கள் மகள் என்ன செய்தாள்? வேலையை விடச் சொல்லாதீர்கள். நீங்கள் கதைக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவள்தான் குற்றவாளி என்று நீங்களே ஊருக்குச் சொல்வதாகிறது. நாளைக்குக் காலமை பஸ் தரிப்பிடம் வரை அவளோடு நடந்து போங்கள். ஊர் பார்க்கட்டும்.

கேள்வி: நாங்கள் சைவம், அவ கத்தோலிக்கம். பாசையூர். அவவிடம் கேட்பதற்கு முன் அவவின் தகப்பனிடம் அனுமதி கேட்க வேண்டுமா? மதம் மாறாமல் பதிவு செய்ய முடியுமா?

பதில்: முடியும். பதிவுத் திருமணத்துக்கு இருவரும் ஒரே மதமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இன்னொரு திருமணம் இருக்கக் கூடாது, விலக்கப்பட்ட உறவாக இருக்கக் கூடாது, சம்மதம் சொந்தச் சம்மதமாக இருக்க வேண்டும். கல்யாணத்தைத் தேவாலயத்தில் வைக்க அவர்கள் விரும்பினால் பங்குத்தந்தையிடம் முன்னரே போங்கள். கலப்புத் திருமணத்துக்குத் திருச்சபையில் தனி அனுமதி பெற வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும்.

முதலில் அவவிடம் கேளுங்கள். தகப்பனிடம் முதலில் போனால், அவவின் வாழ்க்கையை இரண்டு ஆண்கள் திண்ணையில் இருந்து முடிவு செய்வதாகத்தான் ஆகும். அவ ஓம் சொன்ன பிறகு, அவவையும் கூட்டிக்கொண்டு தகப்பனிடம் போய் ஆசி கேளுங்கள். தவக்காலத்தில் போகாதீர்கள், பாஸ்கா கழிந்த பிறகு ஒரு ஞாயிறு பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் போங்கள். பிள்ளைகள் பிறந்தால் எந்த மதத்தில் வளர்ப்பது என்று அவர் கட்டாயம் கேட்பார். அந்தப் பதிலை நீங்கள் இரண்டு பேரும் முன்னரே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள்.